கண்ணாடியை மறந்து வந்தவர்களின் ஜன்னல்

லூர்தெஸ் ஃபகுண்டெஸ் உங்கள் மனுவில் ஒரு கேள்வியை ஒரு முறை வாசித்தால் பதில் சரி. இரண்டு முறை வாசித்தால் எங்கோ கோளாறு. மூன்று முறை வாசித்துவிட்டால், காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஓரமாகப் போய் யோசிக்க வேண்டியதுதான்.

"எதிர்த் தரப்பிடம் இந்த மனுவின் நகலைக் கொடுத்தவர் யார்? மனுதாரர் தாமே கொடுக்கக் கூடாது" என்று வாசிக்கிறார். ஜன்னலுக்கு வெளியே ஒரு பீச் பழத் தோட்டக்காரர் தொப்பியை மார்போடு அணைத்தபடி நிற்கிறார். பக்கத்துத் தோட்டத்து நாய்கள் அவருடைய பதினோரு ஆடுகளைக் கடித்துப்போட்ட வழக்கு.

"நானேதாம்மா குடுத்தேன். அடுத்தவன் கையில குடுத்தனுப்புறது மரியாதையா? நேரா அவன் வீட்டுக்குப் போயி, கையில குடுத்து, கையையும் குலுக்கிட்டு வந்தேன்."

லூர்தெஸ் அதே வரியை மறுபடி வாசிக்கிறார். 'தாமே' என்ற இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். மூன்றாவது முறை அதே இடத்தில் அவருக்கு இருமல் வந்துவிடுகிறது.

"ஐயையோ. அப்ப நான் குடுத்தது செல்லாதா?"

"அத நான் சொல்லக் கூடாது ஐயா. எழுதியிருக்கிறத வாசிச்சேன், அவ்வளவுதான்." காகிதத்தைத் திருப்பித் தள்ளுகிறார். "வீட்ல எல்லாரும் சௌக்கியமா? மச்சான் ஊர்லதான இருக்காரு? நல்லா நடமாடுறாருல்ல?"

தோட்டக்காரர் கொஞ்சம் விழித்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, மச்சானைத் தேடிப் போகிறார்.

சான் அமரோ கவுண்டி என்கிற இந்த மாவட்டத்தில் கோர்ட் என்றால் இந்த ஒரு கட்டடம்தான். வாசலில் 'உங்களுக்கு உதவக் காத்திருக்கிறோம்' என்று ஐந்து மொழிகளில் எழுதியிருக்கிறது. உள்ளே ஒவ்வொரு ஜன்னலிலும் 'ஊழியர்களிடம் சட்ட ஆலோசனை கேட்காதீர்கள்' என்று ஆறு மொழிகளில் எழுதியிருக்கிறது. அந்த ஆறாவது மொழிக்காரர்களுக்கு வரவேற்பு கிடையாது, மறுப்பு மட்டும் உண்டு. இருபத்தாறு வருடமாக இந்த இரண்டு பலகைகளுக்கும் நடுவில், மனு வாங்கும் நான்காம் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறார் லூர்தெஸ்.

நான்காம் ஜன்னலுக்கு வராத சங்கடம் கிடையாது. விவாகரத்து, பிள்ளை யாரிடம் இருப்பது, தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்கு யார் பொறுப்பு, பெயர் மாற்றம், செத்தவர் வீட்டின் சாவிக்குச் சண்டை, சிவப்பு விளக்கைத் தாண்டிய அபராதம், ஜூரி வேலைக்கு வரமுடியாது என்கிற வைத்தியர் சீட்டு. வழி தவறி வருகிற ஜோடிகளும் உண்டு. "கல்யாணத்துக்கு எதிர்க் கட்டடம். அத ரத்து பண்ணத்தான் இங்க வரணும். நடுவுல கார் நிறுத்துற எடம் இருக்கு, அங்க நின்னு நல்லா யோசிங்க" என்பார் வாசல் காவலர் ஓச்சோவா. மொழிபெயர்ப்பாளர்கள் செவ்வாயன்று மோங் மொழிக்கு, புதனன்று பஞ்சாபிக்கு, ஸ்பானிஷுக்கு எல்லா நாளும். வக்கீல் வைக்க முடியாதவர்களுக்குச் சுய உதவி அறை என்று ஒன்று இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை ஒரு வக்கீல் அங்கே உட்காருவார். மற்ற நேரத்தில் அந்த அறையில் உதவி இருக்காது. சுயமாக வந்தவர்கள்தான் இருப்பார்கள்.

லூர்தெஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. பால்பண்ணைக் குடும்பம், விடியற்காலையில் இருநூறு மாடுகளுக்கு நடுவில் வளர்ந்தவர், அதனால் வரிசையைக் கண்டால் பயமில்லை. மூக்குக்கண்ணாடியைக் கறுப்பு ஷூ கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். நீல மை ஸ்கேனில் விழாது என்பதால் சொந்தக் காசில் கறுப்புப் பேனாக்களை வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருப்பார். கோர்ட் பேனாக்கள் சங்கிலியில் கிடக்கின்றன. சங்கிலி காகிதத்தின் கடைசி வரி வரைக்கும் எட்டாது. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு லிங்குயிசா தொத்திறைச்சி வைத்த ரொட்டி. யாருக்கும் 'நல்லது நடக்கட்டும்' என்று சொல்ல மாட்டார். "அஞ்சாம் நம்பர் பஸ்சு நாலு பத்துக்கு" என்பார். அதுதான் அவருடைய ஆசீர்வாதம்.

வாசிக்கிற பழக்கம் அவருக்கு ஆரம்பத்தில் இல்லை. வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம் டெல்மர் ஹக்கின்ஸ் என்ற லாரி ஓட்டுநர் வந்தார். பிள்ளைகளை வெளி மாநிலத்துக்குக் கூட்டிப்போக மனைவி அனுமதி கேட்டிருந்தாள். அவர் பதில் மனு போட வந்திருந்தார். ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டி, "மேடம், இதுல டிக் போடணுமா?" என்றார். 'எனக்கு நேரடி விசாரணை வேண்டும்' என்கிற கட்டம். லூர்தெஸ் விதிப்படி, "அத நான் சொல்லக் கூடாது சார்" என்றார். அவர் போடவில்லை. கேட்காதவருக்கு விசாரணை ஏன் என்று காகிதத்தை வைத்தே தீர்ப்பாயிற்று. இரண்டு பெண் பிள்ளைகளும் அரிசோனாவுக்குப் போய்விட்டார்கள். ஆறு வாரம் கழித்து ஹக்கின்ஸ் அதே ஜன்னலுக்கு வந்தார். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. "அன்னிக்கு நீங்க பாத்துட்டுத்தான இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை லூர்தெஸ் ஊழியர் கையேட்டை எடுத்துவைத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். சொல்லக் கூடாதவை எட்டுப் பக்கம் இருந்தன. செய்யலாம் என்பது அரைப் பக்கம். அதில் ஒரு வரி: கேட்டுக்கொண்டால் படிவத்தை உரக்க வாசித்துக் காட்டலாம். எத்தனை முறை என்று எழுதவில்லை. எங்கே மூச்சு வாங்கலாம் என்றும் எழுதவில்லை.

செய்தி மெல்லப் பரவியது. பழம் பொதி கட்டும் கொட்டகைகளில், தேவாலயத்துக் காபி மேசையில், துணி துவைக்கும் கடையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நாலாம் ஜன்னலுக்குப் போ. 'கண்ணாடி கொண்டு வரல, வாசிச்சுக் காட்டுங்க'ன்னு கேளு. பத்தொன்பது வயதுப் பிள்ளைகள், கழுகுக் கண் உள்ள பிள்ளைகள், கைபேசியில் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டே வந்து நின்று, "கண்ணாடிய மறந்துட்டேன் ஆன்ட்டி" என்பார்கள். இந்தக் கவுண்டியில் எல்லாருக்கும் பார்வை போய்விட்டதா என்று ஒரு ஜட்ஜ் கேட்டாராம். ஓச்சோவா, "பாதாம் ஆலைத் தூசிங்க ஐயா" என்றாராம்.

கணவன்மாருக்கும் வாசித்திருக்கிறார். மனைவிமாருக்கும் வாசித்திருக்கிறார். வீட்டுக்காரர், குடியிருப்பவர், நாய் வைத்திருந்தவர், ஆடு வைத்திருந்தவர், எல்லாருக்கும் ஒரே குரல், ஒரே இருமல்.

இந்த வருடம் மே மாதம் பிரென்னா ஆல்டர்சன் மேலாளராக வந்தாள். முப்பத்து நான்கு வயது. கெட்டவள் என்று சொல்ல முடியாது. பிறந்தநாளுக்கு எல்லாருக்கும் கேக் வாங்குகிறவள். ஆனால் கடிகாரத்தோடு வந்து இரண்டு வாரம் ஜன்னல்களுக்குப் பின்னால் நின்றாள். மற்ற ஜன்னல்களில் ஆளுக்கு ஆறு நிமிடம். நான்காம் ஜன்னலில் பதினான்கு.

"அக்கா, நீங்க வாசிக்கிறது வாசிக்கிற மாதிரி இல்ல" என்றாள். "புருவத்தால பேசுறீங்க."

"புருவத்துக்குக் கையேட்டுல தடை இருக்காம்மா?"

"நாம நடுநிலையா இருக்கணும். எதிர்த் தரப்பு வந்து, 'அவளுக்குச் சொல்லிக் குடுத்தீங்களே'ன்னு கேட்டா என்ன பதில் சொல்லுவீங்க?"

"அவனுக்கும் வாசிச்சேன்னு சொல்லுவேன். பொய்யா இருந்தா கேமராவுல பாத்துக்கோ."

முதல் எச்சரிக்கைக் கடிதம் ஜூனில் வந்தது. இரண்டாவது ஜூலையில். மூன்றாவது வந்தால் ஜன்னலை விட்டுக் கீழ்த்தளத்துக் கோப்பு அறைக்கு. ஜூலைக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, ஜன்னலுக்கு வெளியே ஒரு கூடை தொங்கியது. உள்ளே பன்னிரண்டு மூக்குக்கண்ணாடிகள், மூன்று பவரில், ஒவ்வொன்றும் சங்கிலியில். பக்கத்தில் புதுப் பலகை: 'பார்வை குறைந்தவர்கள் இவற்றைப் பயன்படுத்திக்கொள்ளவும். எழுத்தறியாதவர்களுக்கு மட்டுமே வாசித்துக் காட்டப்படும். அவர்கள் தங்களுக்கு வாசிக்கத் தெரியாது என்று சத்தியக் கையொப்பம் இடவேண்டும். பொய்க் கையொப்பம் தண்டனைக்குரியது.'

இருபத்தாறு வருடம் இல்லாத வசதி. ஒரு பேனாவின் சங்கிலியை ஒரு சாண் நீட்டச் சொல்லி ஒன்பது முறை எழுதிக் கேட்டும் காசில்லை என்றவர்களுக்குப் பன்னிரண்டு கண்ணாடி வாங்கக் காசிருந்தது. உதவி செய்வதை உதவியாலேயே தடுத்துவிட்டார்கள். இதைப் போய் யாரிடம் குறை சொல்வது? கண்ணாடி கொடுத்தார்கள் என்றா? லூர்தெஸ் அன்று முழுவதும் உதட்டைக் கடித்துக்கொண்டு முத்திரை குத்தினார். குத்தின வேகத்தில் மேசை மேல் காபி சிந்தியது.

ஆகஸ்டில் இரண்டாவது வெள்ளிக்கிழமை ட்வைலா ப்ரூயிட் வந்தாள். வெள்ளிக்கிழமைகளில் ஜன்னல் மூன்று மணிக்கே மூடிவிடும். ஆள் பற்றாக்குறை என்று காரணம் சொல்கிறார்கள். அடிக்கிறவன் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நிறுத்திக்கொள்கிறானா என்று யாரும் கேட்டதில்லை.

ட்வைலாவுக்கு நாற்பத்தொன்று. பாதாம் உமி நீக்கும் ஆலையில் பெல்ட்டின் ஓரம் நின்று கல் பொறுக்குகிறாள். மூன்று வருடம் முன்பு, முறிந்த கையோடு இதே ஜன்னலில் நின்று, கூட வாழ்ந்தவன் கிட்டே வரக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு வாங்கினாள். அது இன்றோடு முடிகிறது. முடியுமுன் புதுப்பிக்க மனுக் கொடுத்தால் உத்தரவு நீளும். இல்லையென்றால் நாளை முதல் அவன் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், அவள் படுக்கையறை ஜன்னலுக்கு அடியிலும். நினைவூட்டி ஒரு கடிதம்? கோர்ட் அனுப்புவதில்லை. நூல்நிலையம்கூடப் புத்தகத் தவணைக்குச் செய்தி அனுப்புகிறது.

வரிசையில் ஓச்சோவா அவளிடம் பேச்சுக் கொடுத்தது உள்ளே லூர்தெஸுக்கு நன்றாகக் கேட்டது.

"என்ன ட்வைலா, தலை பூரா மாவு? கேக்கு சுட்டியா?"

"உமித் தூசிண்ணே. ஷிப்டு முடிஞ்சு நேரா வர்றேன்."

"அவன் தொல்லை இல்லல்ல?"

"வீட்டுப் பக்கம் வர்றதில்ல. வெள்ளிக்கிழமையானா மில்லுக்கு எதுக்க டயர் கடையில வண்டியப் போட்டு உக்காந்திருப்பான். நூறு கஜம்னு உத்தரவுல இருக்கு, இவன் நூத்தியஞ்சுல நிப்பான். அளந்து பாத்துத்தான் நிப்பான். நான் வெளிய வந்தா முன் விளக்க ரெண்டு தடவ போட்டு அணைப்பான்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு வண்டிய விட்டு எறங்கி நின்னான். கைக்கடிகாரத்தத் தட்டிக் காட்டுனான்." அவள் சிரிக்கப் பார்த்தாள். "அது கெடக்கட்டும்ணே. போயி ஜட்ஜம்மாட்ட கொறை சொல்லிட்டிருக்க முடியுமா? அந்தம்மா எனக்குச் செஞ்சதே பெரிசு."

அவள் ஜன்னலுக்கு வந்தபோது இரண்டு நாற்பது. படிவம் பூர்த்தியாகி இருந்தது; அழகான கையெழுத்து. லூர்தெஸ் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஐந்தாம் கேள்வி: 'உத்தரவை நீட்டிக்க ஏன் கேட்கிறீர்கள்? எதிர்த் தரப்பினரைக் குறித்து உங்களுக்கு இப்போதும் என்ன அச்சம் உள்ளது?' அதற்குக் கீழே ட்வைலா எழுதியிருந்தாள்: 'கடவுள் புண்ணியத்தில் எல்லாம் நலம். மூன்று வருடமாக அவர் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஜட்ஜ் அம்மாவுக்கு மனமார்ந்த நன்றி.'

லூர்தெஸ் அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை. இப்படி ஒரு நன்றியை அவர் நூறு முறை பார்த்திருக்கிறார். இந்தப் பக்கத்து ஜனங்கள் அப்படித்தான். பெரியவர்கள் முன்னால் அழக் கூடாது, கொடுத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும், மேலும் கேட்டால் பேராசை என்று சின்ன வயதிலேயே ஞாயிறு பள்ளியில் சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டார்கள். ஜட்ஜ் இதைப் படிப்பார். எல்லாம் நலம் என்றால் உத்தரவு எதற்கு என்பார். சட்டப்படி அவர் செய்வதும் சரியாகத்தான் இருக்கும். எல்லாரும் சரியாகத்தான் செய்கிறார்கள். பெண்ணின் கைதான் முறிகிறது.

'வரிசையில சொன்னியே அத எழுதுடி' என்று நான்கு சொல். அது நாக்கின் நுனியில் நின்றது. பின்னால் பிரென்னாவின் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"கண்ணாடி கொண்டு வந்தியாம்மா?" என்றார் லூர்தெஸ்.

ட்வைலாவுக்கும் அந்தச் சூட்சுமம் தெரியும். "இல்லக்கா, மறந்துட்..." என்று தொடங்கியவள் கூடையையும் பலகையையும் பார்த்தாள். படித்தாள். லூர்தெஸ் கையொப்பத் தாளை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார்.

"இதுல போட்டா வாசிச்சுக் காட்டலாம்."

"எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னா?" ட்வைலாவின் கழுத்து சிவந்தது. "பன்னெண்டு வருசம் பள்ளிக்கூடம் போனவக்கா நான். சர்ச்சுல பைபிள் வாசிக்கிறதே நான்தான். கோர்ட்டுல வந்து, கடவுள் பேரால பொய்க் கையெழுத்தா? மாட்டேன்க்கா. வாசிக்கிறது என்ன, எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கேன். முத்திரையக் குத்திக் குடுங்க, அஞ்சாம் நம்பர் பஸ்சப் புடிக்கணும்."

பொய் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கட்டடத்தில் நான்கு மாடி உண்டு. பொய் சொல்ல மாட்டேன் என்கிறவளுக்கு ஒரு ஜன்னல்கூட இல்லை. லூர்தெஸ் தேதி முத்திரையைக் கையில் எடுத்தார். முத்திரை விழுந்துவிட்டால் அது கோர்ட்டின் காகிதம். பிறகு ஒரு எழுத்தைத் தொட முடியாது. மணி இரண்டு ஐம்பத்திரண்டு. முத்திரையைக் கீழே வைத்தார்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஷூ கயிற்றைத் தலைக்கு மேலாக உருவினார். கையை வெளியே நீட்டி, கண்ணாடியைக் கூடையில், மற்ற பன்னிரண்டோடு போட்டார்.

"எனக்கு எழுத்துப் புரியல" என்றார். "அஞ்சாவது கேள்வி. நீயே கேள்வியையும் பதிலையும் வாசிச்சுக் காட்டும்மா."

"அக்கா" என்றாள் பிரென்னா பின்னாலிருந்து.

"கையேட்டுல நாப்பத்தோராம் பக்கம். கையெழுத்து புரியலன்னா முத்திரை குத்துமுன்ன மனுதாரரையே வாசிக்கச் சொல்லி உறுதி பண்ணிக்கணும். 'வேண்டும்'னு போட்டிருக்கும்மா. 'செய்யலாம்'னு இல்ல."

"முத்து முத்தா எழுதியிருக்காங்க!"

"உனக்கு முத்து. எனக்குக் கண்ணாடி இல்லியே."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ட்வைலா குழம்பிப்போய், காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி, பைபிள் வாசிக்கிற குரலில் வாசித்தாள். "'எதிர்த் தரப்பினரைக் குறித்து உங்களுக்கு இப்போதும் என்ன அச்சம் உள்ளது?' 'கடவுள் புண்ணியத்தில் எல்லாம் நலம்.'"

"காதுல சரியா விழல. இன்னொரு தடவ."

வாசித்தாள். இம்முறை குரல் கொஞ்சம் தாழ்ந்தது. மண்டபத்தில் பேச்சு நின்றுவிட்டது. வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஒரு வண்டியின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு ட்வைலாவின் தோள் தூக்கிப்போட்டது. திரும்பிப் பார்த்தாள். யாரோ ஒரு கிழவர்.

"இன்னொரு தடவ" என்றார் லூர்தெஸ். இருமவில்லை. புருவம் அசையவில்லை. கண்ணாடி இல்லாத கண்கள் எதையும் பாராமல் நேராக நின்றன.

"'உங்களுக்கு இப்போதும் என்ன அச்சம்...'" ட்வைலா நிறுத்தினாள். உமித் தூசி படிந்த விரல் அந்த வரியிலேயே நின்றது. "'கடவுள் புண்ணியத்தில்...'" அதற்கு மேல் வரவில்லை.

"அக்கா" என்றாள் கடைசியில், தணிந்த குரலில். "நான் எழுதியிருக்கிறது நெசமில்ல."

"அப்படியா?" என்றார் லூர்தெஸ். பிஸ்கட் டப்பா அவர் கைபட்டு ஜன்னலின் வெளிப்பக்கம் நகர்ந்தது.

ட்வைலா ஒரு கறுப்புப் பேனாவை எடுத்தாள். மூன்று வரியையும் குறுக்கே அடித்தாள். எழுதத் தொடங்கினாள். டயர் கடை, நூற்றைந்து கஜம், முன் விளக்கு. எழுத எழுத அவள் தலை தாழ்ந்துகொண்டே போய், கடைசியில் தூசி படிந்த உச்சிதான் தெரிந்தது. கைக்கடிகாரத்தைப் பற்றி எழுத வந்தபோது கட்டம் நிறைந்துவிட்டது. அவள் காகிதத்தைத் திருப்பி, ஓரத்தில் பொடிப்பொடியாக எழுதினாள்.

மணி மூன்று. சுவரில் இருந்த பொத்தானை பிரென்னா அழுத்தினாள். கோபத்தில் அல்ல, மூன்று மணிக்கு அழுத்த வேண்டும், அழுத்தினாள். எல்லா ஜன்னல்களின் இரும்பு ஷட்டர்களும் ஒன்றாகக் கறகறவென்று இறங்கத் தொடங்கின. முதல் ஜன்னல் மூடியது. இரண்டு. மூன்று.

நான்காம் ஜன்னலில் லூர்தெஸ் தன் இடது முழங்கையை மெல்லத் தூக்கி, ஷட்டர் வந்து உட்காருகிற பள்ளத்தில் வைத்து, கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டார். பேச்சுக்கு உட்கார்ந்தவர் மாதிரி. இரும்பு இறங்கிவந்து அவர் சட்டைத் துணியைத் தொட்டு, முனகி, நின்றது.

"அக்கா, இன்னும் தாள் இருக்கா?" என்று நிமிராமலே கேட்டாள் ட்வைலா.

லூர்தெஸ் முழங்கையை எடுக்கவில்லை. வலது கையால் இழுப்பறையைத் தடவி, கோடு போட்ட தாள்களில் கைக்கு வந்ததையெல்லாம் ஒரு கொத்தாக உருவி, ஷட்டருக்கு அடியில் வெளியே தள்ளினார்.